ஆள் மாறினால் சர்டிபிகேட் யாருடையது? வெல்டரும் என்.டி.டி. (சேதமில்லாச் சோதனை) ஆட்களும் விலகும்போது

துவாக்குடி_பட்டறை

வணக்கம். பிரஷர் வெசல், பாய்லர் பாகங்கள் செய்யும் சிறு பட்டறைகள் எல்லாவற்றுக்கும் உள்ள சிக்கல் இது. வெல்டருக்கு 6ஜி டெஸ்ட் (சாய்த்து அசையாமல் நிறுத்திய பைப்பைச் சுற்றி வெல்டு போடும் தேர்வு) வைக்கும்போது பைப், எலக்ட்ரோடு, ஆர்கான், எக்ஸ்ரே, இன்ஸ்பெக்டர் வருகை என எல்லாமே கம்பெனி செலவு. பாஸான கையோடு ஆள் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுகிறார். அங்கிருந்து இங்கே வருகிறவரும் ஒரு சர்டிபிகேட்டோடுதான் வருகிறார். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க விரும்புவது இவை:

போனவருடைய சர்டிபிகேட் புது இடத்தில் செல்லுமா? வந்தவருடையதை நம்பி மறுநாளே ஜாயின்டில் உட்கார வைக்கலாமா? ஆர்.டி. லெவல் 2 ஆள் (ரேடியோகிராஃபி ஃபிலிமைப் பார்த்து முடிவு எழுதுபவர்) விலகினால் அவர் கையெழுத்துப் போட்ட பழைய ரிப்போர்ட்டுகள் என்ன ஆகும்? செலவைத் திரும்ப வாங்க பாண்ட் எழுதி வாங்கினால் நிற்குமா?

வெல்ட்_இன்ஜினியர்

வெல்டிங் தகுதிக்கான அமெரிக்க கோடான ஆஸ்மி செக்‌ஷன் 9-இன்படி வேலை என்றால் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் "இல்லை". டபிள்யூ.பி.க்யூ. (வெல்டர் தகுதிப் பதிவு) தாளைப் பாருங்கள். அடியில் கையெழுத்துப் போடுவது கம்பெனி, வெல்டர் அல்ல. "எங்கள் மேற்பார்வையில், இன்ன டபிள்யூ.பி.எஸ். (வெல்டிங் செய்முறைத் தாள்) படி, இந்தத் தேதியில் இவர் போட்ட வெல்டு தேறியது" என்று கம்பெனி கொடுக்கும் உறுதிமொழி அது. கம்பெனி மாறினால் அந்த உறுதிமொழி கூடப் போகாது.

அதே கோடின் க்யூ.ஜி-106 பிரிவு இதில் கறாரானது. கூப்பான் (டெஸ்ட் துண்டு) வெட்டுவது, பெவல் போடுவது (விளிம்பைச் சாய்வாகச் சீவுவது), எக்ஸ்ரே, பெண்ட் டெஸ்ட் (வளைத்துப் பார்ப்பது) எல்லாவற்றையும் வெளியே கொடுக்கலாம். டெஸ்ட் வெல்டு போடும்போது பக்கத்தில் நின்று பார்க்கும் பொறுப்பை மட்டும் வெளியே கொடுக்க முடியாது. வெளி டெஸ்ட் சென்டரில் போய் வெல்டு போட்டுவிட்டு, அவர்கள் லெட்டர்ஹெட்டில் சர்டிபிகேட் வாங்கிவந்து ஃபைலில் வைப்பது ஆடிட்டில் முதலில் மாட்டும் விஷயம். அங்கே நின்று பார்த்தது யார் என்று கேட்டால் பதில் இருக்காது.

டெஸ்ட்_பே

அதோட இன்னொண்ணு. பழைய டபிள்யூ.பி.க்யூ. செல்லாதுன்னாலும் அதை வாங்கிப் படிங்க. புது டெஸ்டுக்கு எந்த கூப்பான் போடணும்னு முடிவு பண்ண உதவும். நிறைய பேர் தப்பாப் படிக்கிற இடத்தைச் சொல்றேன்.

2 இஞ்ச் ஷெட்யூல் 160 பைப் எடுத்துக்கோங்க. வெளிவிட்டம் 60.3, கனம் 8.74 மி.மீ. ரூட் (அடி வெல்டு) டிக்ல (ஆர்கான் வெல்டிங், ஜி.டி.ஏ.டபிள்யூ.) 3 மி.மீ., மீதி 5.7 மி.மீ. 7018 ஸ்டிக்ல (எலக்ட்ரோடு வெல்டிங், எஸ்.எம்.ஏ.டபிள்யூ.). 6ஜி பாஸானா எல்லா பொசிஷனும் கிடைச்சிடும். விட்டம் 25 மி.மீ.க்கு மேல எதுவும் ஓகே. ஆனா கனம்? டிக் 6 மி.மீ., ஸ்டிக் 11.4 மி.மீ. வரைக்கும்தான். போட்ட டெபாசிட்டோட ரெண்டு மடங்கு, அதுவும் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி. 25 மி.மீ. ஷெல் ஜாயின்டை ஸ்டிக்ல நிரப்ப அந்த ஆளை விட்டா தகுதி இல்லாத வெல்டுதான்.

கனத்துக்கு வரம்பே வேண்டாம்னா ஒரே பிராசஸ்ல 13 மி.மீ.க்குக் குறையாம, மூணு லேயருக்குக் குறையாம போடணும். 6 இஞ்ச் டபுள் எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங் பைப் 21.95 மி.மீ. இருக்கும், அதுல ஸ்டிக் 18 மி.மீ.க்கு மேல வந்துடும். ஆனா அந்தக் கூப்பான்ல விட்டம் 73 மி.மீ.லேருந்துதான் ஆரம்பம், சின்ன டியூப் வராது. அதான் டியூப், ஷெல் ரெண்டும் பண்ற பட்டறைகள் ரெண்டு கூப்பான் போடுறாங்க.

இன்னொரு பொறி: அந்த ஸ்டிக் வெல்டு டிக் ரூட் மேல போட்டது. அதாவது பேக்கிங்கோட (அடியில தாங்கலோட). அடியில தாங்கல் இல்லாத ஓபன் ரூட்டை ஸ்டிக்லயே போட அந்த டெஸ்ட் தகுதி தராது. வந்த ஆளோட தாள்ல "ஜி.டி.ஏ.டபிள்யூ. + எஸ்.எம்.ஏ.டபிள்யூ., 6ஜி" அப்படின்னு மட்டும் பாத்துட்டு வேலை கொடுத்தா இங்கதான் சறுக்கும்.

ஷட்டவுன்_பைப்பிங்

வெல்ட்_இன்ஜினியர் சார், ரிஃபைனரி பைப்பிங் வேலையில் பழைய கம்பெனி டபிள்யூ.பி.க்யூ.வை ஏற்றுக்கொள்கிறார்களே? பிராசஸ் பைப்பிங் கோடான பி31.3 அதற்கு இடம் கொடுக்கிறது.

வெல்ட்_இன்ஜினியர்

சரியாகச் சொன்னீர்கள். "இல்லை" என்று நான் சொன்னது செக்‌ஷன் 9 தனியாக நிற்கும் இடத்துக்கு. பி31.3-இல் 328.2.3 பத்தி வழிவிடுகிறது, நிபந்தனைகளோடு. ஓனர் தரப்பு இன்ஸ்பெக்டர் இந்த ஆளை ஏற்கிறேன் என்று தனியாக ஒப்புதல் தர வேண்டும். அதே அல்லது சமமான புரொசீஜராக இருக்க வேண்டும். டெஸ்ட் பதிவின் நகல் முந்தைய கம்பெனியிடமிருந்து வர வேண்டும். அதில் கம்பெனி பெயர், வெல்டர் பெயர், புரொசீஜர் எண், பாஸான தேதி, அந்தப் புரொசீஜரில் அவர் பிரஷர் பைப்பிங்கில் கடைசியாக வெல்டு போட்ட தேதி, இத்தனையும் வேண்டும்.

பெரும்பாலும் கிடைக்காமல் போவது கடைசித் தேதிதான். வெல்டர் கையில் இருக்கும் ஜெராக்ஸில் அது இருக்காது, பழைய கம்பெனியின் கன்டினியூட்டி லாகில்தான் (யார் எப்போது வெல்டு போட்டார் என்ற பதிவேட்டில்) இருக்கும். மனக்கசப்போடு பிரிந்திருந்தால் அவர்கள் தரமாட்டார்கள், டெஸ்டை மறுபடி வைக்க வேண்டியதுதான். ஆகவே விலகுகிறவருக்கு ரிலீவிங் லெட்டரோடு டபிள்யூ.பி.க்யூ. நகலையும், கடைசியாக வெல்டு போட்ட தேதி எழுதிய ஒரு பக்கத்தையும் கொடுத்து அனுப்புங்கள். கம்பெனிக்குப் பைசா செலவில்லை. அடுத்த ஷட்டவுனில் நீங்கள் எடுக்கும் ஆளுக்கு இன்னொரு கம்பெனி அதையே செய்ய வேண்டியிருக்கும்.

கட்டட ஸ்டீல் வேலைக்கான டி1.1 கோடிலும் முந்தைய தகுதியை இன்ஜினியர் ஒப்புதலோடு ஏற்கலாம். வெசலுக்கு இந்த வழி கிடையாது.

எக்ஸ்போர்ட்_க்யூ.சி.

ஐரோப்பிய ஆர்டருக்கு ஐ.எஸ்.ஓ. 9606-1 (வெல்டர் தகுதித் தேர்வுக்கான சர்வதேசத் தரம்) கேட்பார்கள். அங்கே கதை வேறு. வேலிடிட்டிக்கு அதன் 9.3 பிரிவில் மூன்று வழி உண்டு, சர்டிபிகேட்டில் எது என்று குறித்திருப்பார்கள்.

ஏ: 3 வருடத்துக்கு ஒரு முறை மறுபடி டெஸ்ட். பி: 2 வருடத்துக்கு ஒரு முறை, கடைசி 6 மாதத்தில் போட்ட இரண்டு வெல்டுகளைச் சோதித்து நீட்டிப்பது. சி: 6 மாதத்துக்கு ஒரு கையெழுத்து விழுந்துகொண்டிருக்கும் வரை முடிவில்லாமல் செல்லும். ஆனால் சி-க்கு நிபந்தனை, வெல்டர் தகுதி பெற்ற அதே உற்பத்தியாளரிடமே வேலை செய்ய வேண்டும். அந்தக் கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ. 3834-2 அல்லது 3834-3 படியான தர ஏற்பாடு இருக்க வேண்டும்.

மறு டெஸ்ட் செலவு இல்லை என்பதால் கம்பெனிகள் சி-யை விரும்புகின்றன. ஆள் கம்பெனி மாறிய அன்றே சி வழியின் அடிப்படை போய்விடுகிறது. வேறு கம்பெனியிலிருந்து வருகிறவர் 9606-1 நீட்டினால் முதலில் பார்க்க வேண்டியது 9.3-க்கு எதிரே உள்ள எழுத்து. அடுத்து பின்பக்கத்து 6 மாதக் கையெழுத்துகளில் இடைவெளி இருக்கிறதா என்பது. ஏ, பி என்றால் ஆளோடு கூட வரும். புதுக் கம்பெனி வெல்டிங் பொறுப்பாளர் கையெழுத்தைத் தொடரலாம்.

ரெக்கார்ட்_ரூம்

விலகலில் இன்னும் இரண்டு இடங்கள் உடைகின்றன. இரண்டும் ஃபைல் சம்பந்தப்பட்டவை.

முதலாவது ஸ்டாம்ப் நம்பர் (ஜாயின்டில் பதிக்கும் வெல்டரின் அடையாள எண்). W-14 என்ற ஸ்டாம்ப் வைத்திருந்தவர் போனதும் அதே பஞ்ச் கருவியைப் புது ஆளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று வருடம் கழித்து ஒரு வெசலில் லீக் வந்து ஜாயின்ட் யார் போட்டது என்று தேடினால் இரண்டு பெயர் நிற்கும். போனவருடைய நம்பரை நிரந்தரமாக மூடிவிடுங்கள். எண்களுக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது, போனவருடைய ஃபைலை டெட் ஃபைலுக்குத் தள்ளி, கொஞ்ச நாளில் எடைக்குப் போட்டுவிடுவது. அவர் தகுதியோடு இருந்த காலத்தில் போட்ட வெல்டு செல்லும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று தகுதியோடு இருந்தார் என்பதைக் காட்டும் தாள் உங்களிடம்தான் இருக்க வேண்டும். கம்பெனியின் ஆஸ்மி ஸ்டாம்ப் சான்றைப் புதுப்பிக்க வரும் ஜாயின்ட் ரிவ்யூ (கூட்டு ஆய்வு) 3 வருடத்துக்கு ஒரு முறை. அப்போது எடுத்துப் பார்க்கும் வெசலில் விலகியவர் வெல்டு இருக்க வாய்ப்பு அதிகம்.

லெவல்3_ஆர்.டி.யு.டி.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

எஸ்.என்.டி-டி.சி-1ஏ (என்.டி.டி. ஆட்களுக்குச் சான்று தருவதற்கான அமெரிக்க வழிகாட்டி) முறை முழுக்க முழுக்க முதலாளி கொடுக்கும் சான்று. கம்பெனியின் ரிட்டன் பிராக்டிஸ் (எழுதி வைத்த நடைமுறை) என்ன சொல்கிறதோ அதன்படி பயிற்சி மணி, அனுபவ மணி, மூன்று பரீட்சை: ஜெனரல், ஸ்பெசிஃபிக், பிராக்டிகல். ஒவ்வொன்றிலும் 70, சராசரி 80 சதவீதம். கூடவே வருடாந்தரக் கண் பரிசோதனை. வேலை முடிந்த நாளோடு அந்தச் சான்றும் ரத்து என்பது அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. விலகிய மறுநாள் தேதியில் அவர் கையெழுத்தோடு ஒரு ரிப்போர்ட் வந்தால் அது வெறும் காகிதம். விலகும் முன் பார்த்துக் கையெழுத்திட்டவை செல்லும். ஆகவே பழைய ரிப்போர்ட்டுகளைப் பற்றி அஞ்ச வேண்டாம்.

தவறு நடப்பது நடுவில் நிற்கும் வேலையில்தான். கடைசி வாரம் எடுத்த ஷாட்டுகள் டெவலப் ஆகி, இன்டர்பிரட்டேஷன் முடியாமல் அலமாரியில் இருக்கும். ஆள் போன பிறகு "அவர் பார்த்துவிட்டார், கையெழுத்துதான் பாக்கி" என்று யாரோ முன்தேதி போட்டு முடிப்பார்கள். இதைவிடப் பெரிய தப்பு இந்தத் தொழிலில் இல்லை. ஃபிலிம் கையில் இருக்கிறது. இன்னொரு லெவல் 2 அதை முழுசாக மறுபடி பார்த்து, தன் பெயரில், அன்றைய தேதியில் ரிப்போர்ட் எழுதட்டும். யு.டி.யில் (அல்ட்ராசோனிக் சோதனையில்) இந்த வசதியும் இல்லை. சாதாரண மேனுவல் யு.டி.யில் பதிவு மிஞ்சாது, வேலையைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும். அதனால் நோட்டீஸ் காலத்தில் யு.டி. ஆளுக்குப் புது வேலை ஒதுக்கும்போது, அன்றன்றே ரிப்போர்ட் முடிகிற அளவுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

வருகிறவருக்கு ஒரு சலுகை உண்டு. முந்தைய சான்றுக்கு ஆதாரம் இருந்து, விலகுவதற்கு முந்தைய 6 மாதத்துக்குள் அதே தகுதியில் வேலை செய்திருந்து, புதுக் கம்பெனியில் மறுசான்று விலகிய 6 மாதத்துக்குள் என்றால், பயிற்சி மணிகளை முதலிலிருந்து தொடங்காமல் பரீட்சை வைத்துச் சான்று கொடுக்கலாம். பரீட்சையை விட முடியாது. குறிப்பாக ஸ்பெசிஃபிக் பரீட்சை உங்கள் புரொசீஜர், உங்கள் கருவி பற்றியது. வேறு கம்பெனி மதிப்பெண் அதற்கு உதவாது.

சென்னை_என்.டி.டி.

ஐ.எஸ்.ஓ. 9712 சான்று உள்ளவரை எடுத்தால் இந்தத் தலைவலி இல்லையே, சார்? அது ஆளுக்குச் சொந்தம்தானே?

லெவல்3_ஆர்.டி.யு.டி.

சொந்தம்தான் தம்பி, பாதி தலைவலி குறையும். மூன்றாம் தரப்பு அமைப்பு பரீட்சை வைத்து ஆளின் பெயரில் கொடுப்பதால் கம்பெனி மாறினாலும் கூட வரும். 5 வருடம் செல்லும், பிறகு புதுப்பிப்பு, 10-ஆம் வருடம் மறுசான்று.

மீதி பாதி: வேலைக்கு அனுமதிப்பது முதலாளிதான். 9712-இலேயே ஆப்பரேட்டிங் ஆத்தரைசேஷன் என்று எழுத்து மூலமான அனுமதி கேட்கிறார்கள். கம்பெனி மாறியதும் பழைய அனுமதி போய்விடும், புது முதலாளி தன் கையெழுத்தில் கொடுக்க வேண்டும். கண் பரிசோதனையும் வருடாவருடம் முதலாளி பொறுப்பு. அந்தத் துறையில் வேலை செய்யாத இடைவெளி தொடர்ந்து ஒரு வருடத்தைத் தாண்டினால் சான்றே சிக்கலாகும். ஆகவே வேலையில் சேர்க்கும்போது கேட்க வேண்டியது அட்டையின் காலாவதித் தேதியை மட்டும் அல்ல, கடந்த 12 மாதம் எங்கே என்ன செய்தார் என்ற கடிதத்தையும். அவர் புதுப்பிக்கப் போகும்போதும் முந்தைய முதலாளிகளின் அந்தக் கடிதம் தேவைப்படும். விலகுகிறவருக்கு அதைக் கொடுக்க மறுப்பது ஒரு மனிதனின் பிழைப்பில் கை வைப்பது.

கம்பெனியின் லெவல் 3 விலகினால் பாதிப்பு பல மடங்கு. அவர் ஒப்புதல் கொடுத்த புரொசீஜரும், அவர் பரீட்சை வைத்துச் சான்று பெற்ற லெவல் 2 ஆட்களும் அன்றே காலாவதி ஆகிவிட மாட்டார்கள். ஆனால் புதுப் புரொசீஜர், புதுச் சான்று எல்லாம் நின்றுபோகும். இன்னொருவரை எழுத்தில் நியமித்து, ரிட்டன் பிராக்டிஸில் அவர் பொறுப்பைப் பதிய வேண்டும். வெளி லெவல் 3 ஒருவரோடு முன்கூட்டியே ஒப்பந்தம் வைத்திருக்கும் பட்டறைக்கு இது ஒரு நாள் வேலை.

கதிர்_பாதுகாப்பு

ரேடியோகிராஃபி சொந்தமாக வைத்திருப்பவர்கள் ஆர்.எஸ்.ஓ. (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) விலகலுக்குத்தான் உண்மையில் பயப்பட வேண்டும். 2004 கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி ஆர்.எஸ்.ஓ.வை நியமிப்பது முதலாளி, ஒப்புதல் தருவது ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்). ஒப்புதல் அந்த நிறுவனத்தில் அந்தப் பதவிக்கு. ஆள் வேறு கம்பெனிக்குப் போனால் அங்கே அவருக்குப் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும், இங்கே நீங்கள் புதிய ஆளுக்கு வாங்க வேண்டும். இரண்டும் வாரியத்தின் ஈ-லோரா இணையதளம் வழியாக. அதுவரை சோர்ஸை (கதிரியக்கப் பொருளை) தொடக் கூடாது.

இதில் பணக் கணக்கும் உண்டு. இரிடியம்-192-இன் அரை ஆயுள் 74 நாள். 30 கியூரி சோர்ஸ் ஒரு மாதம் பிட்டில் (சோர்ஸை வைக்கும் குழியில்) சும்மா கிடந்தால் ஏறக்குறைய 22.6 கியூரி. இரண்டரை மாதம் கிடந்தால் பாதி. அதன் பிறகு அதே ஷாட்டுக்கு இரட்டிப்பு எக்ஸ்போஷர் நேரம். ஆகவே இரண்டாவது ஒருவரை ஆர்.எஸ்.ஓ. தகுதியோடு தயாராக வைத்திருப்பது செலவு போலத் தெரிந்தாலும் மலிவு.

ரேடியோகிராஃபர் விலகினாலும் வந்தாலும் டோஸ் (உடம்பில் பட்ட கதிர்வீச்சு அளவு) பதிவை மறக்காதீர்கள். சேர்க்கும் முதலாளி முந்தைய முதலாளியிடமிருந்து டோஸ், உடல்நலப் பதிவுகளைப் பெற வேண்டும். கேட்டால் முந்தையவர் கொடுத்தே ஆக வேண்டும், இரண்டும் அதே விதிகளில் உண்டு. வரம்பு 5 வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30. முந்தைய இடத்தில் அந்த வருடம் 18 வாங்கியவருக்கு உங்கள் இடத்தில் மிச்சம் 12-தான். பதிவு வாங்காமல் டி.எல்.டி. பேட்ஜை (டோஸை அளக்கும் அட்டையை) மாட்டி அனுப்பினால் அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. பாதிப்பு அந்த ஆளின் உடம்புக்கு.

தொழிலாளர்_சட்டம்

பாண்ட் பற்றி. 1872 ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. "விலகிய பின் 2 வருடம் திருச்சி வட்டாரத்தில் வேறு பட்டறையில் சேரக் கூடாது" என்று எழுதி வாங்குவது வீண். வேலையில் இருக்கும் காலத்துக்குள், குறைந்தபட்சம் இவ்வளவு காலம் இருக்க வேண்டும், முன்பே போனால் இவ்வளவு தர வேண்டும் என்பது வேறு வகை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 3 வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை ஏற்றது. ஆனால் அங்கே நீதிமன்றம் பொதுத்துறை வங்கியின் ஆளெடுப்பு நடைமுறையையும் செலவையும் கருத்தில் கொண்டது. அதைப் படித்துவிட்டு 15 பேர் பட்டறையில் 2 லட்சம் எழுதி வாங்குவது சரியாகாது. 74-ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும்.

என் கருத்து: வெல்டர் தகுதி டெஸ்ட் செலவைப் பாண்டில் சேர்க்காதீர்கள். மேலே சொன்னபடி அந்த டெஸ்ட் கம்பெனியின் கோட் கடமை, தாளும் ஆளோடு போகாது. ஆளுக்குச் சொந்தமாகக் கிடைப்பதற்கு மட்டும், உதாரணமாக 9712 லெவல் 2 படிப்பு, பரீட்சைக் கட்டணத்துக்கு, பில்லோடு எழுதுங்கள். 24 மாதத்தில் மாதாமாதம் சமமாகக் கழிகிற மாதிரி எழுதினால் அது நியாயமாகவும் இருக்கும், நிற்கவும் வாய்ப்பு அதிகம். ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பூட்டி வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

துவாக்குடி_பட்டறை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. விலகியவர் 4 மாதத்தில் திரும்பி வந்தால்? பிறகு, இங்கே பட்டறைக்குப் பட்டறை அதே ஆட்கள்தான் சுற்றி வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் டெஸ்ட் வைப்பதைத் தவிர்க்க முறையான வழி எதுவும் இல்லையா?

வெல்ட்_இன்ஜினியர்

திரும்பி வருவது: ஆஸ்மி கோடின் க்யூ.டபிள்யூ-322 பிரிவின்படி அந்தப் பிராசஸில் உங்கள் மேற்பார்வையில் கடைசியாக வெல்டு போட்டு 6 மாதம் ஆகவில்லை என்றால் பழைய தகுதி உயிரோடு இருக்கிறது. கடைசி நாளை லாகில் எழுதியிருந்தால் அன்றே வேலை கொடுக்கலாம். இடையில் வேறு கம்பெனியில் தினமும் வெல்டு போட்டிருந்தாலும் அது உங்கள் கணக்கில் சேராது. 6 மாதம் தாண்டிவிட்டால் ஒரே ஒரு கூப்பான், எந்த மெட்டீரியல், எந்தக் கனம், எந்த பொசிஷனிலும் போடச் சொல்லுங்கள். அது தேறினால் அந்தப் பிராசஸில் உங்களிடம் அவர் முன்பு வைத்திருந்த எல்லா வரம்பும் திரும்ப வரும். டிக், ஸ்டிக் இரண்டுக்கும் தனித்தனியாக. இதனால்தான் பழைய ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள் என்று மேலே சொன்னார்கள்.

இரண்டாவதுக்கு வழி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. செக்‌ஷன் 9 ஒரே டெஸ்டில் பல கம்பெனிகள் சேர்ந்து தகுதி கொடுப்பதை அனுமதிக்கிறது. நான்கைந்து பட்டறைகள் முதலில் தங்கள் டபிள்யூ.பி.எஸ்.களை ஒப்பிட்டு, டெஸ்டுக்கு ஒரே மாதிரியான ஒன்றை எடுக்க வேண்டும். டெஸ்ட் நாளில் ஒவ்வொரு கம்பெனியின் பொறுப்பான ஊழியரும் நேரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக டபிள்யூ.பி.க்யூ.வில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு அந்த வெல்டர் இந்தக் கூட்டத்துக்குள் எந்தப் பட்டறைக்கு மாறினாலும், சேர்த்துக்கொள்பவர் சரிபார்க்க வேண்டியது முந்தைய பட்டறைகளில் 6 மாதக் கன்டினியூட்டி விடுபடாமல் இருந்ததா என்பதை மட்டும்.

டெஸ்ட்_பே

செலவும் பங்கிட்டுக்கலாம். 2 இஞ்ச் பைப் சுற்றளவு 189 மி.மீ., எக்ஸ்ரேக்குக் கேக்குற 150-ஐத் தாண்டுது, அதனால ஒரு கூப்பானே போதும். ஒரே நாள்ல 8 பேருக்கு டெஸ்ட், ஒரே தடவை எக்ஸ்ரே ஆள் வந்தா தலைக்குச் செலவு நல்லாவே குறையும். எக்ஸ்ரே வேண்டாம் பெண்ட் போதும்னா 6ஜி பைப்புக்கு 4 துண்டு வெட்டணும். மிக் (ஒயர் ஊட்டும் வெல்டிங்) ஷார்ட் சர்க்யூட் மோட்ல டெஸ்ட் வெச்சா எக்ஸ்ரே ஏத்துக்க மாட்டாங்க, பெண்ட்தான்.

கன்டினியூட்டி லாகை எல்லாப் பட்டறையும் ஒரே ஃபார்மட்ல வெச்சுக்கோங்க. வெல்டர் பேரு, ஸ்டாம்ப், பிராசஸ், தேதி, ஜாப் நம்பர், ஜாயின்ட் நம்பர், சூப்பர்வைசர் கையெழுத்து. மாசம் ஒரு வரி எழுதினா போதும். "ஜனவரி முதல் ஜூன் வரை வெல்டு செய்தார்"னு மொத்தமா ஒரு வரி எழுதுறதை இன்ஸ்பெக்டர் ஏத்துக்கிறது கஷ்டம், ஜாயின்ட் நம்பர் கேப்பார்.

துவாக்குடி_பட்டறை

பக்கத்துப் பட்டறைகளிடம் டபிள்யூ.பி.எஸ். ஒப்பிடுவதிலிருந்து தொடங்குகிறோம். 7018, கார்பன் ஸ்டீல், 6ஜி எல்லோரிடமும் பொதுவாக இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டிக் வேலைக்குத் தனி டெஸ்ட் வேண்டுமா?

வெல்ட்_இன்ஜினியர்

வேண்டும். எலக்ட்ரோடு வகையைக் குறிக்கும் எஃப் நம்பர் மாறுகிறது: 7018 எஃப் நம்பர் 4, ஸ்டெயின்லெஸ் எலக்ட்ரோடான 308எல்-16 எஃப் நம்பர் 5. டிக்கில் அந்தத் தொல்லை இல்லை: கார்பன் ஸ்டீல் ஃபில்லரும் ஸ்டெயின்லெஸ் ஃபில்லரும் இரண்டுமே எஃப் 6. முதல் சுற்றில் டிக்கையும் 7018-ஐயும் முடியுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டிக் அடிக்கடி செய்யும் இரண்டு பட்டறைகள் மட்டும் தனியாக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளட்டும்.